பெட்டி ஒருவனுக்கு, டிஸ்க் ஒருவனுக்கு

அவளைத் 'திருப்புளி' என்று கூப்பிடுகிறவர்கள் யாரும் பாராட்டாகக் கூப்பிடவில்லை. பெயர் வைத்தது பெரியண்ணன். வீட்டில் மின்விசிறி நின்றாலும் கடையில் டிவி மங்கினாலும் அவள் கை முதலில் தேடுவது அந்தக் கருவியைத்தான் என்பதால் வைத்தான். சின்னண்ணன் அந்தப் பெயரைத் தெருவெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தான். பெயர் நிலைத்தபிறகு இரண்டு பேரும் வசதியாக மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. அந்தத் திருப்புளி சுழன்றதால்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அப்பா வைத்திருந்தது வீடியோ கேம் கடை. பழைய வணிக வளாகம் ஒன்றின் மாடியில், படிக்குப் பக்கத்தில் நீளமான அறை. ஜன்னல் கிடையாது. சுவரோரமாக ஆறு டிவி, ஆறு கேம் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மணிக்கணக்கில் வாடகை. வாசலில் பலகை: 'பிரதர்ஸ் கேம்ஸ்'.

பிரதர்ஸில் மூத்தவன் ஒரு குடோனில் மேற்பார்வையாளன். இளையவன் பழைய செல்போன், பழைய கேமரா என்று எதையாவது வாங்கி விற்பவன். இரண்டு பேரும் கடைக்கு வருவது கல்லாவைத் திறக்கும்போது மட்டும். ஷட்டரைத் தூக்கி, பெருக்கி, வயரைச் சரிபார்த்து, "டைம் முடிஞ்சிருச்சு, எந்திரி" என்று கத்தி, தோற்ற கோபத்தில் கண்ட்ரோலரை வீசுகிறவனைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளியது சிஸ்டர். கல்யாணம் ஆனபிறகும் அவள்தான் வந்தாள். அவள் கணவன் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவன், நல்லவன், சண்டை என்றால் அடுத்த அறைக்குப் போய்விடுகிறவன். பலகையில் அவளுக்கு இடம் இல்லாததைப் பற்றி யாராவது கேட்டால், "பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவுன்னு கேட்டான், அப்பா சிக்கனம் பாத்துட்டாரு" என்பாள். அது சிக்கனம் இல்லை. அதற்கு வேறு பெயர் உண்டு, அவளுக்கும் அது தெரியும்.

அந்தப் பெட்டிகள் புதிதாக வந்த காலம் போய் வெகுநாளாகிவிட்டது. செய்தவனே செய்வதை நிறுத்திவிட்டான். சிடி போட்டுத்தான் ஆட வேண்டும். நாளெல்லாம் கைமாறுகிற சிடி எத்தனை காலம் தாங்கும்? கீறல் விழுந்தது. கீறலைப் படித்துப் படித்து உள்ளே இருந்த லென்ஸும் சோர்ந்தது. பாதி ஆட்டத்தில் படம் உறைந்து நிற்கும். ஆடுகிறவன் காசைத் திருப்பிக் கேட்பான். பெட்டியைத் தலைகீழாக வைத்தால் படிக்கும், பக்கவாட்டில் தட்டினால் படிக்கும், வாயால் ஊதினால் படிக்கும் என்று வருகிறவன் போகிறவனெல்லாம் வைத்தியம் சொன்னான். இந்தத் தட்டுகிற வைத்தியத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஏன் கெட்டது என்று தெரியாமல் சரியானால் அது சரியானதே இல்லை என்பது அவள் கட்சி.

பெட்டிக்குள் ஏற்கெனவே சின்னதாக ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றைப் பொருத்தினால் கடையில் இருக்கிற எல்லா ஆட்டத்தையும் அதிலேயே ஏற்றிவிடலாம். சிடியும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம். பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய டிஸ்க்கே போதும்.

சொல்வது எளிது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் கால்களைப் பெயர்த்தால்தான் திருகுகளே கண்ணில் படும். அவற்றின் வாய் நட்சத்திர வடிவம். சாதாரணத் திருப்புளி பிடிக்காது. அதையும் தாண்டி உள்ளே போனால் உண்மையான பூட்டு. ஒவ்வொரு பெட்டியின் போர்டிலும் ஒரு சின்னச் சில்லு. அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரிய ரகசியச் சொல் ஒன்று அதில் இருக்கிறது. பெட்டியை ஆன் செய்ததும் போர்டு அந்தச் சொல்லை டிஸ்க்கிடம் சொல்லும், டிஸ்க் திறந்துகொள்ளும். ஒரு பெட்டியின் டிஸ்க்கை இன்னொரு பெட்டியில் மாட்டினால் திறக்காது. கம்ப்யூட்டரில் மாட்டினாலும் திறக்காது. மனிதன் வைத்த கடவுச்சொல் இல்லை அது. பெட்டி தானே வைத்துக்கொண்டது.

அவள் அந்தப் பூட்டை உடைக்கவில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, டிஸ்க் திறந்திருக்கும் நேரம் பார்த்து, மின்சாரத்தை நிறுத்தாமல் பட்டையான சாம்பல் நிறக் கேபிளை மட்டும் உருவி, பக்கத்தில் திறந்துபோட்டிருந்த கம்ப்யூட்டரில் சொருகினாள். முதலில் பட்டை கோணலாக இறங்கியது, டிஸ்க் மூடிக்கொண்டது. மறுபடி. மறுபடியும். பிடிபட்டபிறகு அந்தப் பெட்டியின் சொல்லைப் படித்தெடுத்து, புது டிஸ்க்குக்கும் அதே பூட்டைப் போட்டு, உள்ளே வைத்து மூடினாள். சிடி இல்லாமலேயே திரையில் ஆட்டங்களின் வரிசை ஏறி வந்தது. ஆறு பெட்டிக்கும் இப்படியே செய்தாள். ஆறுக்கும் ஆறு தனித்தனிப் பூட்டு.

அந்த வாரத்தில்தான் அப்பாவுக்கு முதல் நெஞ்சுவலி வந்தது. பெரியண்ணனின் மனைவி, அதாவது அண்ணி, உடனே கண்டுபிடித்துவிட்டாள். "மூடி இருக்கறத நோண்டுற கை வீட்டுக்கு ஆகாது." அதே வாரத்தில் மழையும் பெய்தது. பால் விலையும் ஏறியது. அவற்றுக்கும் அவள் கைதான் காரணமா என்று யாரும் கேட்கவில்லை. நெஞ்சுவலிக்கு முன்னால் அப்பா ஊதித்தள்ளிய பீடிகளைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. நம் வீடுகளில் காரணம் தேடுவதில்லை; ஆள் தேடுவார்கள். ஆள் பெரும்பாலும் பெண்ணாக இருப்பாள்.

அப்பா இறந்த கையோடு பாகம் பிரித்தார்கள். பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவர் தாய்மாமன். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பொழுது போகாமல் வாடிக்கிடப்பார். உறவில் ஒரு தகராறு என்றால் முகத்தில் களை வந்துவிடும்.

கடைக்குள்ளேயே நாற்காலியை வட்டமாகப் போட்டுப் பேசினார்கள். அறையின் வாடகை உரிமையும் நாற்காலிகளும் பெரியண்ணனுக்கு. ஆறு டிவியும் சின்னண்ணனுக்கு. பெட்டிகளில்தான் இழுபறி.

"எல்லாப் பெட்டியும் எனக்கு" என்றான் பெரியண்ணன். "கடை நடத்தப்போறவன் நான்."

"எடுத்துக்க. உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க்க மட்டும் எனக்குக் கழட்டிக் குடு. பெட்டி கிழடு, டிஸ்க் நல்ல டிஸ்க்கு."

"எடுத்துக்கடா. டிஸ்க்கு எந்தக் கடையிலயும் கிடைக்கும்."

இருவர் முகத்திலும் ஒரே சிரிப்பு. ஒருவன் தலையில் இன்னொருவன் மிளகாய் அரைத்துவிட்டதாக இருவருமே நினைத்தார்கள். மாமா, "பாத்தீங்களா, எவ்ளோ சுமுகம்" என்று கைதட்டினார்.

கதவருகில் நின்றிருந்தவள் சொன்னாள்: "அது பிரிக்கற சாமான் இல்ல. பிரிச்சா ரெண்டும் செத்துடும்."

"ஆரம்பிச்சுட்டாய்யா திருப்புளி" என்றான் சின்னண்ணன்.

"மாமா, இவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் அப்பாவா? என் பங்கு எங்க?"

மாமா தொண்டையைச் செருமினார். "உனக்குத்தான் கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சேம்மா."

"அண்ணனுங்களுக்கும் பண்ணி வச்சாச்சே. அவங்க பங்கு மட்டும் எப்படிக் கரையாம இருக்கு?"

"பொறந்த வீட்ல வந்து கணக்குப் பேசறியா?" பெரியண்ணன் எழுந்தான். "இவ்ளோ நாள் பொழுதுபோக்கா வந்துட்டுப் போனே. யாரும் தடுத்தமா?"

பொழுதுபோக்கு! இத்தனை வருஷம் ஷட்டர் தூக்கிக் காய்ப்புக் காய்த்த கையை அவன் பார்த்துக்கொண்டேதான் அந்தச் சொல்லைச் சொன்னான். அவள் சாவியை மாமாவின் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பெட்டிகளைத் திறந்து டிஸ்க்குகளைப் பிடுங்கினான் சின்னண்ணன். எது எந்தப் பெட்டியுடையது என்றெல்லாம் பார்க்கவில்லை. காய்கறி வாங்குகிற பையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கட்டினான். பெரியண்ணன் புது டிஸ்க்குகள் வாங்கிவந்து பெட்டிகளில் மாட்டினான். திரையில் பிழைச் செய்தி வந்தது; அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சின்னண்ணன் தன் பையைச் சந்தைக்குக் கொண்டுபோனான். வாங்க வந்தவன் ஒன்றைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "பூட்டியிருக்குது அண்ணே. திறக்கற வழி இல்லன்னா இது பேப்பர் பறக்காம வைக்கத்தான் ஆகும்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் கலந்து பேசாமலேயே ஒரே முடிவுக்கு வந்தார்கள். திருப்புளி பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறாள். வஞ்சம் தீர்க்கிறாள்.

மறுபடியும் பஞ்சாயத்து. ஆள் விட்டு அவளை வரவழைத்தார்கள். அண்ணியும் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஏம்மா, கூடப் பொறந்தவங்க சொத்துல பூட்டு போடறது நியாயமா?" என்று தொடங்கினார் மாமா.

"நான் போட்டா பூட்டு எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்கும் மாமா. இது பெட்டிக்குப் பெட்டி வேற. அந்தந்தப் பெட்டி சொன்னாத்தான் அதோட டிஸ்க்கு கேக்கும். அன்னிக்கே சொன்னேன்."

"கதை விடாத" என்றான் சின்னண்ணன்.

"கதையா? சோதிச்சுப் பாத்துரலாம். நான் எதையும் தொடமாட்டேன். அப்புறம் நடுவுல ஏதோ பண்ணிட்டான்னு சொல்லுவீங்க. மாமா, பைக்குள்ள கைய விட்டு நீங்களே ஒண்ண எடுங்க."

மாமா ஒரு டிஸ்க்கை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல, சின்னண்ணனே அதை முதல் பெட்டியில் மாட்டினான். பிழைச் செய்தி. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று குதித்தான் பெரியண்ணன். அடுத்த பெட்டி. மறுபடி பிழை. அதற்கடுத்ததிலும் அதுவே. அண்ணி உதட்டைச் சுழித்தாள். "நோண்டுன கை, வேறென்ன."

அதற்கும் அடுத்த பெட்டியில் அதே டிஸ்க்கை வைத்து ஆன் செய்தபோது, யாரும் எதையும் தட்டச்சு செய்யாமல், திரையில் ஆட்டங்களின் வரிசை வந்து நின்றது.

சின்னண்ணனின் வாய் திறந்தபடி இருந்தது. "இதெப்படி..."

"அது அந்தப் பெட்டியோட டிஸ்க்கு. அவ்ளோதான். மந்திரமும் இல்ல, வஞ்சமும் இல்ல. இப்ப நம்பறீங்களா?"

மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அட, நல்ல பொண்ணுய்யா! சரி, ஆனது ஆச்சு. எல்லாத்தையும் சேத்து மாட்டிக் குடுத்துடும்மா. அண்ணனுக்குப் புது டிஸ்க்கு போட்டுக் குடு, இவனுக்குப் பழைய டிஸ்க்கத் திறந்து குடு. உன்னால முடியுமில்ல?"

"முடியும்."

"அப்புறம் என்ன!"

"என் பங்கு மூணுல ஒண்ணு. எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கடையப் பிரிக்க வேணாம், சேத்தே நடத்தலாம். நான் நடத்தறேன், வர்றதுல ஆளுக்கு ஒரு பங்கு."

"பெட்டிய வச்சு மிரட்டறியா?" என்றான் பெரியண்ணன்.

"பெட்டி உங்களோடது, டிஸ்க்கு அவரோடது. வேலை என்னோடது. செய்யறதும் செய்யாததும் என் இஷ்டம். வக்கீலக் கேட்டுட்டேன். பொண்ணுக்கும் உண்டுன்னுதான் சட்டம் இருக்கு. கோர்ட்டுல வர வருஷமாகும், வரட்டும். அதுவரைக்கும் இதெல்லாம் தூசி தின்னட்டும்."

"தங்கச்சி ஆசைப்படறா. அந்த ஒரு பெட்டியையும் டிஸ்க்கையும் சந்தோஷமாக் குடுத்துடுங்கப்பா" என்றார் மாமா, பெரிய மனசோடு.

"எனக்குப் பிச்சை வேணாம் மாமா. பங்கு வேணும்."

ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அவள் அணைத்தாள். டிஸ்க்கைக் கழற்றிச் சின்னண்ணனின் பையில் போட்டாள். பெட்டியைப் பெரியண்ணனின் காலடியில் வைத்தாள். "நீங்க பிரிச்ச மாதிரியே இருக்கட்டும்."

வெளியே வந்தவளை மாடிப்படியில் அண்ணி பிடித்துக்கொண்டாள். கோபத்தில் மூச்சு வாங்கியது. "எனக்கு எங்க வீட்ல நாலு அண்ணன் தம்பி. ஒரு கைப்பிடி மண்ணு குடுத்தாங்களா? நான் வாயத் திறந்தேனா? உனக்கு மட்டும் என்ன தனியாக் கொம்பு மொளச்சிருக்கு?"

"உங்களுக்குக் குடுக்காதது தப்பு அண்ணி."

"தப்போ ரைட்டோ, நான் பொறுத்துக்கிட்டேன்ல?"

"நீங்க பொறுத்துக்கிட்டதுக்கு நான் ஏன் விட்டுக் குடுக்கணும்? நீங்களும் கேளுங்க."

"த்தூ" என்று படியோரம் துப்பிவிட்டு அண்ணி மேலே ஏறினாள். கொள்ளை கொடுத்தவர்களே கொள்ளைக்குக் காவல் நிற்கிற விசித்திரம் இது. தான் பட்ட அநியாயம் அடுத்தவளுக்கும் கிடைக்காவிட்டால் தன் பொறுமைக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்று பயப்படுகிற மனம். ஆண்கள் தாங்களே கட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுதியான சுவர் எழுந்திருக்காது.

பெரியண்ணன் முடிவு செய்தான். தங்கைக்குப் பங்கு கொடுப்பதைவிட எல்லாம் காயலான் கடைக்குப் போகட்டும். அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஆள் அனுப்பினான். அவள் வந்தபோது பழைய இரும்பு வாங்குகிறவன் தள்ளுவண்டியைக் கீழே வளாக வாசலில் நிறுத்திப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டியைக் கையில் தூக்கி ஆட்டிப் பார்த்தான்.

"உள்ள செம்பு இருக்குதா சார்?"

"கேம் பெட்டிய்யா அது!"

"அது தெரியுது. செம்பு இருக்கா? இல்லன்னா பிளாஸ்டிக் எடைதான் போடுவேன்."

பெரியண்ணனின் முகம் சுருங்கியது. இருந்தாலும் தங்கையைப் பார்த்துக்கொண்டே, "போடு, போடு" என்றான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் நெஞ்சுக்குள் என்ன ஓடியது என்பது அந்த முகத்தில் தெரியவில்லை. இதுதான் அவள் பார்த்த வேலை. இதுதான் அவள் சம்பாத்தியம். அது எடைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

தடுத்தது வேறு ஆள். எங்கிருந்தோ சேதி கேட்டுச் சின்னண்ணன் ஓடிவந்தான்.

"நிறுத்துய்யா! அண்ணே, பெட்டி போச்சுன்னா என் டிஸ்க்க எவன் திறப்பான்?"

"உன் டிஸ்க்கு உன் பாடு."

"பெட்டி இல்லாத டிவிய வச்சு நான் என்ன, சீரியல் பாக்கறதா? ஆறு டிவியில?"

"என் பெட்டி, என் இஷ்டம்!"

"உன் இஷ்டத்துக்கு என் சொத்து சாவணுமா?"

ஒருவன் வண்டிக்குள் தள்ள, ஒருவன் வெளியே இழுத்தான். சட்டைப் பொத்தான் தெறித்தது. படியிறங்கி வந்த மாமா, "டேய், டேய், மானம் போவுதுடா" என்று சுற்றிச் சுற்றி வந்தார். இழுத்த இழுப்பில் ஒரு பெட்டி கைநழுவிச் சிமெண்டுத் தரையில் மூலை குத்தி விழுந்தது. மூடி பிளந்து போர்டு இரண்டாக விரிந்தது. அந்தச் சத்தத்தில் இருவரும் நின்றார்கள்.

"இதுக்கு எடை போடவா?" என்றான் வண்டிக்காரன்.

சின்னண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "அவளுக்கு மூணுல ஒண்ணக் குடுத்துத் தொலை! மூணுல ஒண்ணு போனா மீதி ரெண்டாவது நமக்கு இருக்கும். இப்படியே போனா உனக்கு அஞ்சாறு நாற்காலி, எனக்கு ஒரு மஞ்சப்பை!"

யாருடைய மனமும் அங்கே இளகவில்லை. தங்கையின் கண்ணீரைப் பார்த்து அண்ணன் உருகுவதெல்லாம் மேடைக்கு. அவள் அழவும் இல்லை. நியாயத்தை மறுப்பது நியாயத்தைவிடக் கூடுதலாகச் செலவு வைக்கிறது என்று தெரிந்தபோது நியாயம் கிடைத்தது. அப்படிக் கிடைத்தாலும் அது நியாயந்தான். வாங்கிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

வக்கீல் எழுதிக்கொடுத்த தாளில் சின்னண்ணன் முதலில் கையெழுத்துப் போட்டான். பெரியண்ணன் பேனா சரியில்லை என்றான், வெளிச்சம் போதவில்லை என்றான், கடைசியில் போட்டான். மாமா சாட்சிக் கையெழுத்தைப் பூப்போல வரைந்தார். அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு டிஸ்க்காக எடுத்து ஒவ்வொரு பெட்டியாக வைத்துப் பார்த்தாள். பொருந்தியதை அங்கேயே முடுக்கி மூடினாள். யாரும் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அண்ணன்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நாற்காலியைப் போட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், அவள் கையை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் ஐந்து திரைகள் எரிந்தன. எந்தப் பெட்டியும் ஏற்காத ஒரு டிஸ்க் மிச்சம் விழுந்தது.

"அது?" என்றான் பெரியண்ணன்.

"கீழ விழுந்து விரிஞ்சுதே, அதோடது. திறக்கற சொல்லு அந்த போர்டோடயே போச்சு. அத இனிமே எடுத்து எறியத்தான் வேணும்."

"அப்ப அந்த நஷ்டம் உன் பங்குலதான் கழியும். உன்னாலதானே இவ்ளோ ரகளை?"

"போட்டு ஒடச்சது நீங்க ரெண்டு பேரும். இருந்தாலும் சரி, மூணாப் பிரிங்க. என் பாகத்துக்கு வர்றத மட்டும் கழிங்க, தர்றேன்."

பெரியண்ணன் எழுந்து வாசலுக்குப் போனான். அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். "கூடப் பொறந்தவ மாதிரியா பேசற? பங்காளி மாதிரிப் பேசற."

அவள் கடைசிப் பெட்டியின் திருகை முடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அப்படித்தானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க."